டெக்சாஸ் கட்சி மாறுகிறதா? கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் தேர்தல் எண்களை அலச வரும் புதியவர்களுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வருகிறது. சறுக்குவது வேறு இடங்களில். குடியரசுக் கட்சியின் கையில் இருக்கும் டெக்சாஸ் மாநிலம், ஜனத்தொகை மாறுவதால் ஜனநாயகக் கட்சி பக்கம் போய்விடும் என்ற கணிப்பையே எடுத்துக்கொள்வோம்.

இனத்தை அப்படியே ஓட்டாக எண்ணுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு தம்பி எக்செல் தாள் அனுப்பியிருந்தான். டெக்சாஸில் ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) எண்ணிக்கை ஒரு கோடு, ஜனநாயகக் கட்சி ஓட்டு இன்னொரு கோடு, இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. மாநிலம் எந்த வருஷம் கைமாறும் என்றுகூடக் குறித்திருந்தான்.

ஆசைப்பட வைக்கிற எண்கள்தான். டெக்சாஸில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் முன்னிலை 2012இல் 16 சதவீதப் புள்ளி, 2016இல் 9, 2020இல் 6க்கும் கீழே. அப்புறம் 2024 வந்தது, கிட்டத்தட்ட 14. இத்தனைக்கும் அதற்குள் ஹிஸ்பானியர் வெள்ளையரைத் தாண்டி, சுமார் 40 சதவீதத்தோடு மாநிலத்தின் பெரிய சமூகமாகியிருந்தார்கள்.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுன்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானியர். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் அங்கே 60 புள்ளி முன்னிலை. 2020இல் அதே கட்சியின் பைடனுக்கு வெறும் 5. 2024இல் டிரம்ப் ஜெயித்தார். அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 1892க்குப் பிறகு அங்கே முதல் வெற்றி. எட்டு வருஷத்தில் ஊர் ஜனமா மாறிவிட்டது? அதே குடும்பங்கள்தான். விலைவாசி, எண்ணெய் வயல் வேலை, எல்லைக் காவல் சம்பளம் என்று அவர்களுக்கும் ஆயிரம் கணக்கு உண்டு. இனம் எழுதிய கட்டத்தில் அதெல்லாம் தெரியாது.

இன்னொன்று, அந்த 40 சதவீதம் தலைக்கணக்கு. குழந்தைகளும் குடியுரிமை இல்லாதவர்களும் அதில் அடக்கம்.

வேறு மாநிலங்களிலிருந்து குடிவந்தவர்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சி என்பது

ஜனநாயகக் கட்சி பலமாக உள்ள கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர் கலிபோர்னியாவின் சராசரி ஆள் இல்லை. 2018இல் டெக்சாஸ் செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் குடியரசுக் கட்சியின் டெட் க்ரூஸ், ஜனநாயகக் கட்சியின் பெட்டோ ஓரூர்க்கை 3 புள்ளிக்கும் குறைவாகத்தான் ஜெயித்தார். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், டெக்சாஸிலேயே பிறந்தவர்களிடம் ஓரூர்க்கும் குடிவந்தவர்களிடம் க்ரூஸும் முன்னிலை.

கட்சிவாரி வாக்காளர் பதிவு

வாக்காளர் பதியும்போதே தன் கட்சியைக் குறிப்பிடும் முறை இது. டெக்சாஸில் கிடையாது. தேடாதீர்கள்.

ஜனம் மாறினால்தான் கட்சி மாறும் என்பது

மேற்கு வர்ஜீனியா. 1996இல் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டனுக்குப் போட்ட அந்த மாநிலம் 2000 முதல் அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சியோடுதான். அன்றும் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர்.

பக்கத்து வர்ஜீனியா கதை வேறு. வாஷிங்டனை ஒட்டிய புறநகர்கள் பெருத்து, 2008இல் ஒபாமா ஜெயித்தார். 1964க்குப் பிறகு அங்கே அதிபர் தேர்தலில் ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர். மனம் மாறியதா, ஜனம் மாறியதா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஜனத்தொகை அதிகம் மாறாத வாக்குச்சாவடிகளைத் தனியே எடுங்கள். அங்கேயும் ஓட்டு நகர்ந்திருந்தால் பழைய ஆட்களே மனம் மாறியிருக்கிறார்கள். புதுக் குடியிருப்புகளில் மட்டும் நகர்ந்திருந்தால், சரி, அப்போது ஜனத்தொகையைப் பற்றிப் பேசலாம்.