இரண்டு சி18 குழாய்களில் எது மேல்? நீங்களே சோதித்துப் பாருங்கள்

எச்.பி.எல்.சி. என்பது கலவையைத் திரவத்தோடு ஒரு குழாய் வழியே செலுத்தி, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஆய்வு முறை. அந்தப் பிரிகைக் குழாய் விற்பவர்கள் முதலில் காட்டுவது பிளேட் எண்ணிக்கையைத்தான், அதாவது குழாயின் பிரிக்கும் திறனைச் சொல்லும் எண்ணை. அதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

சி18 என்றால் 18 கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிகாத் துகள் நிரப்பிய குழாய். 5 மைக்ரான் முழுத்துளைத் துகள் (உள்ளே முழுவதும் துளை உள்ளது) நிரப்பிய சி18 ஒன்று, 2.7 மைக்ரான் கோர்-ஷெல் (திடமான நடுப்பகுதி, மேலே மட்டும் துளையுள்ள உறை) சி18 ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 150 × 4.6 மி.மீ. இருக்கட்டும், அளவு மாறினால் ஒப்பீடே கெட்டுவிடும்.

அடுத்து சோதனைக் கலவை. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. இதற்கென்றே எஸ்.ஆர்.எம். 870 கலவையை உருவாக்கியது. அதில் யுராசில் எதிலும் ஒட்டாமல் முதலில் வெளியேறி, வெற்று நேரத்தை, அதாவது குழாயில் ஒட்டாத பொருள் கடந்துவர ஆகும் நேரத்தை, காட்டும். டொலுயீனுக்கும் எதில்பென்சீனுக்கும் ஒரே ஒரு மெத்திலீன்தான் வித்தியாசம். இரண்டும் எவ்வளவு தள்ளி வருகின்றன என்று பாருங்கள். குயினிசரின் பீக் (பொருள் வெளிவருவதை வரைபடத்தில் காட்டும் மேடு) வால் இழுத்தால், அதாவது பின்பக்கம் நீண்டு சரிந்தால், உலோக மாசைச் சந்தேகிக்கலாம். அமிட்ரிப்டிலின் ஒரு காரம். சிலிகாவில் மூடப்படாத சிலனால் (சிலிக்கானோடு இணைந்த OH தொகுதி) இருந்தால் அதில் மாட்டிக்கொண்டு நீண்ட வாலோடு வரும். மாத்திரை ஆய்வு செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பீக் இதுதான்.

மொபைல் ஃபேஸ், அதாவது குழாய் வழியே ஓடும் திரவம்: 80% மெத்தனால், 20% பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்; 20 மில்லிமோலார், பி.எச். 7). குழாய் சுத்த அசிட்டோநைட்ரைலில் வைக்கப்பட்டிருந்தால் முதலில் பஃபர் இல்லாத மெத்தனால்-நீரால் கழுவுங்கள். இல்லையேல் உப்பு படிந்து அடைத்துவிடும். நிமிடத்துக்கு 1 மி.லி., ஒரே வெப்பநிலை, ஒரே இன்ஜெக்‌ஷன் அளவு. 30 மி.லி. ஓடி பேஸ்லைன் (வரைபடத்தின் அடிக்கோடு) அடங்கியதும் மூன்று முறையாவது செலுத்துங்கள்.

இனி கணக்கு. பீக் வரும் நேரத்தை, பாதி உயரத்தில் அதன் அகலத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 5.54 ஆல் பெருக்கினால் பிளேட் எண்ணிக்கை. 5 நிமிடத்தில் வரும் பீக்கின் அகலம் 0.12 நிமிடம் என்றால் சுமார் 9,600. அகலம் 0.09 ஆனால் 17,000-ஐத் தாண்டும்.

கோர்-ஷெல் இதில் முந்தும். ஆனால் அழுத்தம் துகள் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். இங்கே மூன்று மடங்குக்கு மேல். 400 பார் வரை தாங்கும் பழைய பம்ப் என்றால் பார்த்துச் செய்யுங்கள். எதிர்பார்த்த பிளேட் வரவில்லையா? குழாயைக் குறை சொல்லும் முன், இணைப்பு டியூப் நீளமாகவோ அகலமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளேட் இரட்டிப்பானாலும் ரெசல்யூஷன் (பக்கத்துப் பீக்குகள் பிரிந்து நிற்கும் அளவு) 1.4 மடங்காகத்தான் கூடும். அதனால் கடைசியில் உங்கள் சாம்பிளையே ஓட்டுங்கள். இரண்டு சி18-லும் அதே ஜோடி பீக்குகள் ஒட்டிக்கொண்டே வந்தால், இன்னும் நுண்ணிய துகளைத் தேடாமல் ஃபீனைல்-ஹெக்ஸில் போன்ற வேறு வகைக் குழாயைப் போட்டுப் பாருங்கள்.