அபார்ட்மெண்ட்ல குழந்தைங்களையும் வயசானவங்களையும் பாதுகாக்கறது எப்படி

2018ல சென்னை அயனாவரத்துல நடந்தது ஞாபகம் இருக்குல்ல? காது சரியா கேக்காத 11 வயசு பொண்ணு, மாசக்கணக்கா, அவ குடியிருந்த அபார்ட்மெண்ட்லயே, லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி, பிளம்பர்னு தினமும் பாக்கற ஆளுங்களாலயே... 2020ல போக்சோ (குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) கோர்ட் 15 பேருக்கு தண்டனை கொடுத்துச்சு. அங்கயும் கேட்ல ஆள் இருந்தாங்க. அதனால வெளியாள தடுத்துட்டா போதும்னு அசோசியேஷன்ல யாராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

முதல்ல ஒரு நாள் சாயங்காலம், ஸ்கூல் விட்டு பசங்க வர்ற நேரத்துல, கமிட்டில ரெண்டு பேர் மொத்த பில்டிங்கையும் சுத்தி வாங்க. மொட்டை மாடி, மோட்டார் ரூம், பேஸ்மெண்ட், காலியா கெடக்கற ஃப்ளாட், இதெல்லாம் பூட்டியிருக்கா, சாவி யார்கிட்ட இருக்கு? சாவிக்கு ஒரு நோட்டு போடுங்க, வாங்கறவங்க பேரும் டைமும் எழுதணும். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005 சட்டப்படி லைசென்ஸ் இருக்கணும், கேட்டு பாத்துடுங்க, ஆளுங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷனும் பண்ணிடுங்க. ஆனா பேப்பர் சரியா இருந்தா ஆளும் சரின்னு அர்த்தம் இல்ல, அதனால குழந்தை தனியா இருக்கற வீட்டுக்குள்ள வேலைக்கு யாரும் போகக்கூடாதுன்னு ரூல் வைங்க, அது ஸ்டாஃபுக்கு மட்டும் இல்ல, டியூஷன் எடுக்கற சாருக்கும் கமிட்டி மெம்பருக்கும் சேர்த்துதான். வாட்ச்மேன் குடும்பம் கீழ தங்கியிருந்தா அவங்க குழந்தைங்களும் நம்ம குழந்தைங்கதான், அவங்கள விட்டுடாதீங்க.

ஒரு குழந்தை வந்து ஏதாவது சொன்னா அங்கதான் நெறைய பேர் தப்பு பண்றோம். பதறாதீங்க, பக்கத்துல உக்காந்து கேளுங்க, "நீ ஏன் அங்க போன"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அந்த ஒரு கேள்விலயே குழந்தை வாய மூடிக்கும். "சொன்னது நல்லதுடா கண்ணா, உன் மேல தப்பே இல்ல"ன்னு சொல்லுங்க. ஆளாளுக்கு கூப்பிட்டு திரும்ப திரும்ப கேக்க வேணாம், அது சொன்ன வார்த்தைய அப்படியே எழுதி வைங்க, போட்டிருந்த துணிய துவைக்காதீங்க. அப்புறம் குழந்தை யார சொல்லுச்சோ அந்த ஆள கூப்பிட்டு வச்சு அசோசியேஷன் ரூம்ல பஞ்சாயத்து பேசவே கூடாது, "பில்டிங் பேரு கெட்டுடும்"னு அமுக்கவும் கூடாது. போக்சோ 19வது பிரிவுப்படி தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு எந்நேரமும் கூப்பிடலாம். போலீஸ் யூனிஃபார்ம் போடாம, குழந்தை இருக்கற இடத்துக்கே வந்துதான் வாக்குமூலம் எடுக்கணும், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். பேச வராத, காது கேக்காத குழந்தைன்னா ஸ்பெஷல் எஜுகேட்டர் உதவியும் கேட்டு வாங்கலாம். வாட்ஸ்அப் குரூப்ல குழந்தை பேரு, ஃப்ளாட் நம்பர் எதையும் போட்டுடாதீங்க.

வயசானவங்க விஷயம் வேற மாதிரி. எங்க பிளாக்ல மூணாவது மாடில ஒரு பாட்டி, பையன் வெளிநாட்டுல. கதவுல மாட்டின பைல நேத்து போட்ட பால் பாக்கெட்டும் அப்படியே இருக்குன்னு பால் போடற அண்ணன்தான் கவனிச்சு சொன்னாரு, உள்ள போனா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து எழுந்துக்க முடியாம கெடக்கறாங்க. அதுலேர்ந்து காலைல 9 மணிக்கு மேல பை அப்படியே இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க போய் பெல் அடிக்கறாங்க, ஸ்பேர் சாவி ஒண்ணும் நம்பிக்கையான வீட்ல இருக்கு.

விழறது மட்டும் இல்ல. ஏடிஎம் கார்டு வேற யார்கிட்டயோ இருக்கறது, கைல காயம், எது கேட்டாலும் கூட இருக்கறவங்களே பதில் சொல்றது, இதெல்லாம் பாத்தா அவங்கள தனியா கோயிலுக்கோ வாக்கிங்குக்கோ கூட்டிட்டு போய் மெதுவா பேசுங்க. 14567 முதியோர் ஹெல்ப்லைன், காலைல 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும். 2007 முதியோர் பராமரிப்பு சட்டப்படி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட பிள்ளைங்ககிட்டேர்ந்து ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம், பாத்துக்கணும்ங்கற கண்டிஷனோட எழுதிக்கொடுத்த வீட்ட பாத்துக்காம விட்டா அந்த பத்திரத்தையே ரத்து பண்ண கேக்கலாம், இது நெறைய பெரியவங்களுக்கு தெரியவே தெரியாது.

இந்த நம்பரெல்லாம் பெரிய எழுத்துல லிஃப்ட்ல ஒட்டுங்க. நாங்க முதல்ல நம்ம கண்ணு உயரத்துக்கு ஒட்டியிருந்தோம், ரெண்டாங்கிளாஸ் படிக்கற பையன் ஒருத்தன் எகிறி எகிறி படிக்கறத பாத்துட்டு அன்னைக்கே எறக்கி ஒட்டினோம்.