வன்னிக் காற்றில் பறக்க ஒரு மின் ஹெலிகொப்டர்: முதன்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

வட்டக்கச்சியில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழல் இறக்கைகள் கொண்ட, றிமோட்டால் இயங்கும் ஒரு சிறிய ஹெலிகொப்டர். வீட்டு விறாந்தையில் அது அசையாமல் நின்று பறந்தது. ஆனி மாதத்து மத்தியானம் ஒன்றில் அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து கூரை உயரத்துக்கு ஏற்றியபோது, சோளகக் காற்று அதைப் பிடித்து வேலிக்கு மேலாகக் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வயலில் போட்டது. றிமோட்டின் கோலை எந்தப் பக்கம் தள்ளியும் அது திரும்பவில்லை. பிள்ளையின் கையில் பிழையில்லை என்பதும், அந்த வகை ஹெலிகொப்டருக்கு வெளிக்காற்றை எதிர்த்து வரும் வலு இல்லவே இல்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் விளங்கின. அதே பணத்தை வேறு விதமாகச் செலவழித்திருந்தால் அவன் அன்றே பறக்கப் பழகியிருப்பான். வெளியில் பறக்கவிடுவதற்கென்று முதன்முதலாக வாங்குபவர்கள் எதை எந்த ஒழுங்கில் யோசிக்க வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாம் படி: காற்றை அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னர் உங்கள் ஊர்க் காற்றைக் கவனிக்க வேண்டும். வன்னியில் மே மாதம் தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகம் வீசும்; மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும். மன்னார்த் தீவில் காற்றாலைகளை நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால், அந்தக் கரையிலும் பூநகரிப் பக்கத்திலும் 50 கிராம் எடையுள்ள ஒரு பொருளைப் பறக்கவிடுவது எவ்வளவு சிரமம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே கிளிநொச்சி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் காட்டு மரங்கள் ஓரளவு காற்றை மறிக்கும். காலபோக அறுவடை முடிந்த மார்ச், ஏப்ரல் மாதங்களின் காலைப்பொழுது பழகுவதற்கு மிகவும் உகந்தது: காற்று அடங்கியிருக்கும், வயல் வெறுமையாகக் கிடக்கும், விழுந்தாலும் நெற்தாள் தாங்கிக்கொள்ளும். சோளகக் காலத்திலும் விடிந்து ஏழரை மணிக்குள் பெரும்பாலும் ஓர் அமைதியான இடைவெளி கிடைக்கும்.

காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு தடியின் நுனியில் மெல்லிய நாடாத் துண்டைக் கட்டி மைதானத்தில் ஊன்றுங்கள். நாடா தொங்கியபடி இடைக்கிடை மட்டும் அசைந்தால் சிறிய ஹெலிகொப்டரைப் பறக்கவிடலாம். நாடா கிடையாக நிமிர்ந்து நின்றால், அல்லது மரக்கொப்புகள் விடாமல் ஆடினால், அன்றைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: வகையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில் பிழைவிட்டால் மற்றப் படிகளால் அதைத் திருத்த முடியாது; ஆகவே இதில் அதிக நேரம் செலவழியுங்கள். மலிவு விலையில் கிடைக்கும் மின் ஹெலிகொப்டர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, நான் மேலே சொன்ன இரட்டை இறக்கை வகை. இரண்டு இறக்கைகளும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றுவதால் உடல் தானாகச் சுழலாமல் நிற்கும், பழகுவதும் இலகு. ஆனால் அந்த அசையாத தன்மையே வெளியில் அதன் குறை: முன்னோக்கிச் சாய்ந்து காற்றை எதிர்த்துச் செல்வதற்கு அதனால் ஏலாது. சைமா எஸ்107 போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் றிமோட் அகச்சிவப்புக் கதிரால் இயங்குவதால், எங்கள் ஊர் வெயிலில் அந்தக் கதிர் சரியாக எட்டாமல் கட்டுப்பாடே அறுந்துபோகும். வீட்டுக்குள் மட்டும் பறக்கவிடுவதற்கு இவை மிக நல்லவை.

இரண்டாவது, ஒற்றைப் பெரிய இறக்கையும் வால் விசிறியும் கொண்ட, இறக்கையின் சாய்கோணம் மாறாத வகை. விளம்பரங்களில் இதை ஃபிக்ஸ்ட் பிட்ச் என்பார்கள். மோட்டர் வேகமாகச் சுற்றினால் ஏறும், வேகம் குறைந்தால் இறங்கும். நான்கு சனல்கள் இருக்கும்: ஏறி இறங்குதல், மூக்கைத் திருப்புதல், முன்பின் செல்லுதல், இடம்வலம் நகருதல். இந்த நான்காவது இல்லாத மூன்று சனல் ஹெலிகொப்டரைப் பக்கக் காற்று தள்ளினால், அதை நேரே பக்கவாட்டில் திருப்பித் தள்ளுவதற்கு உங்கள் கையில் எதுவுமே இராது. எனவே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மூன்று சனல் வேண்டாம். டபிள்யூ.எல். ரொய்ஸ் (WLtoys) நிறுவனத்தின் வி911எஸ் போன்ற சிறியவையும், அதைவிட மிகப் பெரிய வி912 போன்றவையும் இந்த இரண்டாம் வகையிலேயே வருகின்றன.

மூன்றாவது, இறக்கையின் சாய்கோணத்தைப் பறக்கும்போதே மாற்றும் ஆறு சனல் வகை. எக்ஸ்கே கே110 இதற்கு ஒரு மலிவான உதாரணம். இறக்கை எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, கோணம் மட்டும் மாறுவதால், கோலை அசைத்த கணத்திலேயே ஹெலிகொப்டர் ஏறும் அல்லது இறங்கும். காற்று மேலே தூக்கினாலும் அதைக் கீழே அமுக்கிப் பிடிக்கலாம். வெளிக்காற்றுக்கு இதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதல் ஹெலிகொப்டராக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதன் தலைப்பகுதியில் நுண்ணிய பாகங்கள் பல உள்ளன. ஒவ்வொரு விழுகையும் ஒரு பாகத்தைக் கேட்கும், அந்தப் பாகம் வந்துசேர வாரக்கணக்காகும். அதற்குள் பழகும் ஆசையே விட்டுப்போகும்.

ஆகவே, புதியவருக்கு நான் சொல்வது இரண்டாம் வகையைத்தான்: ஒற்றை இறக்கை, நான்கு சனல், 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலையில் இயங்கும் றிமோட், உள்ளே ஆறு அச்சு ஜைரோ. ஜைரோ உடலின் சாய்வை உணர்ந்து தானே திருத்துவதால், கோலை விட்டவுடன் ஹெலிகொப்டர் மட்டமாக வந்து நிற்க முயலும். அண்மைக்கால ஹெலிகொப்டர்கள் சிலவற்றில் உயரத்தைத் தானே பேணும் வசதியும் உண்டு. அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிப்பதால் சுழற்காற்றில் குழம்பும். அடியில் உள்ள கமராவால் நிலத்தைப் பார்த்து நிலைகொள்பவை, அசையும் புல்லின் மேலும் குளத்து நீரின் மேலும் ஏமாந்துபோகும். இந்த வசதிக்காக மேலதிகமாகப் பணம் கொடுப்பதை விட, அதை இரண்டு பற்றரிகளாக மாற்றிக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: அளவும் எடையும்

பெரிய ஹெலிகொப்டர் காற்றுக்கு இலகுவில் அசையாது என்பது உண்மை. அதற்காக 450 எனப்படும் அளவுக்குத் தாவிவிட வேண்டாம். அந்த அளவில் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 325 மில்லிமீற்றர் நீளமானது. அது நிமிடத்துக்கு 2,500 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் செல்லும். கைவிரலிலோ முகத்திலோ பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கையளவு சிறிய ஹெலிகொப்டர் விழுந்தால் பெரும்பாலும் அதுவும் உடையாது, மற்றவரையும் பெரிதாகக் காயப்படுத்தாது; எடை குறைந்ததால் மோதும் வலுவும் குறைவு. தொடக்கத்துக்குச் சிறியதை வாங்கி அமைதியான காலைகளில் பழகிவிட்டு, கை பழகிய பின்னர் பெரியதற்குப் போவதே சிக்கனமான வழி.

நான்காம் படி: றிமோட்

ஒரு விடயம் மட்டும். மோட் 2 என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். அதில் ஏறி இறங்கும் கோல் இடது கையில் இருக்கும். பெரும்பாலானோர் பழகுவது இதில்தான் என்பதால், வேறொருவர் கற்றுத்தரும்போதும் கை குழம்பாது.

ஐந்தாம் படி: பணத்தைப் பிரித்தல்

சிறிய நான்கு சனல் ஹெலிகொப்டர் ஒன்று இணையவழி விற்பனையில் ஏறத்தாழ 40 தொடக்கம் 70 அமெரிக்க டொலர் வரை போகிறது. ஒரு டொலரை 300 ரூபாவாக வைத்தால் 12,000 தொடக்கம் 21,000 ரூபா. தபாற்செலவும் தீர்வையும் வேறு. கையில் 25,000 ரூபா இருந்தால் ஹெலிகொப்டருக்கு 16,000 ரூபாவுக்கு மேல் ஒதுக்காதீர்கள். மிகுதி பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் வேண்டும்.

ஒரு பற்றரி தருவது ஆறேழு நிமிடப் பறப்பு. அது மீண்டும் ஏற ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். ஒரே பற்றரியோடு வயலுக்குப் போனால், போய்வரும் நேரம் பறக்கும் நேரத்தை விடக் கூடிவிடும். மூன்று நான்கு பற்றரிகள் இருந்தால் ஒரு காலைக்குப் போதும். லித்தியம் பற்றரியைத் தனியாகத் தருவித்தால் விமானத் தபாலில் தடையும் தாமதமும் ஏற்படுவதுண்டு. ஆகவே மூன்று பற்றரிகள் சேர்த்து விற்கும் பொதியையே தேடி வாங்குங்கள்.

உதிரிப்பாகங்களில் முதலில் வேண்டியவை இறக்கைச் சோடிகள் இரண்டு, இறக்கையைத் தாங்கிச் சுற்றும் நடுத்தண்டு ஒன்று, வால் மோட்டர் ஒன்று. சிறிய ஹெலிகொப்டர்களில் முதலில் களைத்துப்போவது வால் மோட்டர்தான். நேற்றுவரை நேராக நின்ற ஹெலிகொப்டர், இன்று வேகத்தைக் கூட்டியதும் மூக்கை ஒரு பக்கமாக மெல்லத் திருப்பத் தொடங்கினால், றிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம், வால் மோட்டரை மாற்றுங்கள். அந்த மோட்டர் தனியாகக் கிடைக்காத ஹெலிகொப்டரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: பெட்டி வந்ததும் பார்க்க வேண்டியவை

பற்றரியைப் பொருத்துவதற்கு முன்னர் ஹெலிகொப்டரைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். இறக்கைகள் தம் பாரத்தால் மெதுவாக மடிந்து தொங்க வேண்டும். மடியாமல் விறைத்து நின்றால் அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கால்வட்டம் தளர்த்துங்கள். இறுகிய இறக்கை சுற்றும்போது தன் நேரான நிலையைத் தானே தேடிக்கொள்ள முடியாமல் உடல் முழுவதையும் நடுங்கச் செய்யும், அந்த நடுக்கம் ஜைரோவைக் குழப்பும். விழுந்தெழும்பிய பின்னர் நடுக்கம் புதிதாக வந்தால் நடுத்தண்டைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் விரலால் உருட்டிப் பாருங்கள். வளைந்த தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் எழும்பி, அடியில் வெளிச்சக் கீற்றைக் காட்டும்.

பற்றரியில் ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது பழுதாகும். பறக்கும்போது அதே உயரத்தில் நிற்க வழமையை விடக் கூடிய வேகம் தேவைப்பட்டால் உடனே இறக்குங்கள். இறக்கியதும் பற்றரியை நிழலில் ஆறவிட்டே மீண்டும் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கையில் அதை விட்டுச் செல்வது மிக ஆபத்தானது. ஏற்றும்போது மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்க ஏற்றுங்கள். வீங்கிய பற்றரியை ஒருபோதும் ஏற்ற வேண்டாம்.

ஏழாம் படி: இடமும் அனுமதியும்

ஆளில்லா வானூர்திகளைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும், வானொலிக் கருவிகளைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் ஒழுங்குபடுத்துகின்றன. தருவிப்பதற்கு முன்னரே, நீங்கள் தெரிவுசெய்த ஹெலிகொப்டரின் எடையைச் சொல்லி அவர்களிடம் கேட்டறியுங்கள். கமரா இல்லாததைத் தெரிவுசெய்தால் பிறருடைய ஐயத்துக்கும் இடமிராது. இராணுவ முகாம்களுக்கும் ஓடுபாதைகளுக்கும் அருகே போகவே வேண்டாம்.

எங்கள் மண்ணுக்கே உரிய இரண்டு விடயங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குப் பக்கத்திலும் பறக்கவிடக் கூடாது. முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாத பற்றைக்குள் ஹெலிகொப்டர் விழுந்தால் அது போனது போனதுதான். ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது, பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள். மற்றையது, வண்டு என்று நாங்கள் பெயர்வைத்த வேவு விமானத்தின் இரைச்சலை மறக்க முடியாத பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அயல் வீடுகளுக்குப் போய், நாளை காலை இன்ன இடத்தில் இன்னது பறக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் அதைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

எட்டாம் படி: முதற் பறப்பு

இரண்டு தென்னை ஈர்க்குகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, ஹெலிகொப்டரின் கால்களுக்கு அடியில் நூலால் கட்டுங்கள். ஈர்க்கின் எடை மிகக் குறைவு. ஆனால் அது கால்களை அகலமாக்குவதால் இறங்கும்போது பக்கமாகச் சரிந்து இறக்கை நிலத்தில் அடிபடுவது பெருமளவு தடுக்கப்படும்.

வேகக் கோலை முற்றாகக் கீழே வைத்து முதலில் றிமோட்டை இயக்குங்கள், பின்னர் பற்றரியைப் பொருத்துங்கள். ஜைரோ தன் மட்டத்தைப் பதிந்துகொள்ளும் அந்தச் சில வினாடிகளுக்கு ஹெலிகொப்டர் சமமான பலகை ஒன்றில் அசையாமல் இருக்க வேண்டும். மூக்குக் காற்று வரும் திசையையும் வால் உங்களையும் பார்க்கும்படி வைத்து, நான்கைந்து மீற்றர் பின்னால் நில்லுங்கள். மூக்கு உங்களைப் பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும். அதைப் பழகுவதற்குப் பின்னர் காலம் இருக்கிறது.

நிலத்தை ஒட்டிய முதல் ஒரு சாண் உயரத்தில், இறக்கை தள்ளிய காற்று நிலத்தில் பட்டுத் திரும்பி ஹெலிகொப்டரைத் தடுமாறச் செய்யும். அங்கே தயங்காமல் முழங்கால் உயரத்தைத் தாண்டி ஏற்றி, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காற்றுத் தூக்கினால் மூக்கைச் சற்று முன்னே சாய்த்து வேகத்தைச் சிறிது குறையுங்கள். முழுவதும் குறைத்தால் கல்லாக விழும். மோதப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் வேகக் கோலை உடனே கீழே இழுங்கள்: சுற்றாத இறக்கை உடைவது குறைவு, மோட்டரும் எரியாது.

எல்லாப் பற்றரிகளும் முடியும்வரை ஹெலிகொப்டரை இப்படியே மேலே ஏற்றி இறக்குங்கள். அடுத்தடுத்துப் பத்துத் தடவை, ஒவ்வொரு பற்றரியும் முடியும்வரை விழாமல் பறந்து இறங்கிய பின்னர் ஈர்க்குகளை அவிழ்க்கலாம்.