எஃப்5 அழுத்தினால்தான் வந்த செய்தி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் பணிபுரியும் தணிக்கையாளர் அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் பான் அட்டைப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் தவிர்க்க, பழைய கணினி ஒன்றில் உபுண்டு இயங்குதளத்தை ஏற்றி, அதையே சர்வராக்கி, மேட்டர்மோஸ்ட் என்ற அரட்டை மென்பொருளை நிறுவினேன். உள்நுழைவு ஒழுங்காக நடந்தது. ஆனால் ஒருவர் அனுப்பிய செய்தி, மற்றவர் எஃப்5 விசையை அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்த பிறகே அவர் திரையில் தோன்றியது.

கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், இரண்டாம் நாள் முழுவதையும் மறுபடி நிறுவுவதிலேயே கழித்தேன், பயனில்லை.

சர்வரின் முன் அமர்ந்து சோதித்தபோதெல்லாம் குறையே தெரியாததை நான் பொருட்படுத்தவில்லை. அங்கே 8065 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்து மேட்டர்மோஸ்டை நேரடியாகத் திறந்தேன். மற்றவர்களோ கோரிக்கைகளை வாங்கி மேட்டர்மோஸ்டுக்குக் கடத்திவிட இடையில் நான் வைத்திருந்த என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் வழியாக வந்தார்கள். செய்தியை உடனுக்குடன் தள்ளும் வெப்சாக்கெட் இணைப்பு 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' என்ற இரு ஹெடர்களை, அதாவது கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரிகளை, கொண்டே தொடங்குகிறது. அவற்றை என்ஜின்எக்ஸ், நாம் சொன்னாலொழிய, பின்னாலுள்ள சர்வருக்குக் கடத்துவதில்லை.

அவ்விரண்டையும் கடத்தச் சொல்லும் வரிகளையும், எச்டிடிபி நெறிமுறையின் 1.1 பதிப்பு என்று குறிக்கும் வரியையும் என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் சேர்த்து ரீலோட் செய்தேன். மாடியிலிருந்து அண்ணாச்சி அனுப்பிய "சாப்டாச்சா?" என் திரையில் தானாகவே வந்து விழுந்தபோது, மூன்று நாள் அலைச்சல் தீர்ந்தது.