மேட்டுப்பாத்தி போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்தில் செடி வாடினால் எல்லோரும் பூச்சியைத்தான் தேடுகிறோம். என் அனுபவத்தில், மேட்டுப்பாத்தி பெரும்பாலும் விதை விழுவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. அவசரம்தான் காரணம்.

பச்சைச் சாணத்தை அள்ளிப் போடுவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். தொழுவத்திலிருந்து வந்த ஈரச் சாணத்தைச் செம்மண்ணோடு கலந்து, அன்றைக்கே கத்தரி நாற்று நட்டேன். மூன்றாவது வாரத்தில் நாற்றுகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. பிடுங்கினால் வேரைக் காணவில்லை. மண்ணுக்குள் வெள்ளை வேர்ப்புழுக்கள் சுருண்டு கிடந்தன. மட்காத சாணம் வண்டுகளை முட்டையிட அழைக்கும். மட்கும்போது எழும் சூடும் இளம் வேரைக் கருக்கும். நாற்றம் முழுதும் போய், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் தொழுவுரம்தான் பாத்திக்கு ஆகும்.

தேங்காய் நார்க்கழிவிலும் இதே அவசரம். செங்கல் போல அழுத்தி விற்கும் கட்டியில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு: இது எனக்குக் கைகொடுத்த கலவை. நிரப்பியதும் பத்து நாள் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். மண் இறங்கும், மேலே நிரப்பிவிட்டு நடுங்கள்.

அகலம் நான்கு அடியைத் தாண்ட வேண்டாம். கை எட்டாவிட்டால் கால் வைப்போம்; மிதிபட்ட மண்ணில் வேர் இறங்காது.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறுவது இன்னும் வருத்தமானது, ஏனென்றால் செடி நன்றாகவே இருக்கும். கொடி அவரையைத் தை மாதத்தில் ஊன்றிவிட்டு, பந்தல் முழுக்கப் படர்ந்தும் பூக்கவில்லையே என்று கேட்கிறவர்கள் உண்டு. நாட்டு அவரை, பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய் பறிக்கலாம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதற்கு அவரையைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

கீரை விதை முளைக்கவில்லை என்றால் விதையைக் குறை சொல்லும் முன் எறும்பைப் பாருங்கள். இரவோடு இரவாக இழுத்துப் போயிருக்கும். விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றி அரிசி நொய் போட்டால் எறும்பு அந்தப் பக்கம் போய்விடும்.

மேட்டுப்பாத்தி ஐப்பசி மழையில் நீர் தேங்காமல் காப்பாற்றும்; சித்திரையில் அதே பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் கோடையில் வெறும் மண் வெயிலில் கிடக்கக் கூடாது. இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் தெளித்து இலையைக் கருக்கிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வெள்ளை ஈயும் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் தெளிப்பு மருந்தாகாது. கத்தரியின் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குக் கீழே கிள்ளி அழித்துவிடுங்கள். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரி (வைரஸ்) நோய். அந்தச் செடி தேறாது. மனம் வராவிட்டாலும் அன்றே பிடுங்கிவிட வேண்டும், பக்கத்துச் செடிகளுக்காக.

கத்தரி முடிந்த பாத்தியில் உடனே தக்காளியோ மிளகாயோ வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மண்ணில் தங்கி அடுத்ததைப் பிடிக்கும். அங்கே தட்டைப்பயறு ஊன்றுங்கள், ஓரத்தில் நான்கு செண்டுமல்லி வையுங்கள்.