‘யூஸ்ட் டு’ என்றால் ‘இப்போது இல்லை’: புதிதாக வந்தவர்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு சொல்

வெளிநாடு வந்த முதல் ஆண்டில் ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். புதிய நோயாளி என்பதால் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தவர், ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றார். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதாக நினைத்து, “ஐ யூஸ்ட் டு டேக் எ டேப்லெட் ஃபார் பிளட் பிரஷர்” என்றேன். அவர் கணினியைப் பார்த்தபடியே, “வென் டிட் யூ ஸ்டாப்?” என்றார். எப்போது நிறுத்தினீர்களாம். நான் நிறுத்தவே இல்லையே! அன்று காலையில்கூடப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால், ‘மாத்திரையை நிறுத்திவிட்டார்’ என்றே என் பதிவில் ஏறியிருக்கும். அதை நம்பி வேறு மருந்து எழுதியிருக்கவும் கூடும். புதிதாக வருகிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆங்கிலத்தில் நாம் விடுகிற பிழைகளில் பெரும்பாலானவற்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு ‘தி’ விட்டுப்போனாலும், ‘ஹி கோஸ்’ என்பதற்கு ‘ஹி கோ’ என்றாலும், கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். இந்தப் பிழை அப்படிப்பட்டதல்ல. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். பொருள் மட்டும் மாறிப்போயிருக்கும். பிழை இருப்பதே தெரியாதபோது யார் திருத்துவார்கள்?

‘யூஸ்ட் டு’ என்று சொல்லி அதன்பின் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்தால், அது முன்பு நடந்த வழக்கம், இப்போது இல்லை என்று ஆங்கிலம் பேசுகிறவர் எடுத்துக்கொள்வார். “ஐ யூஸ்ட் டு ஸ்மோக்” என்றால் புகைப்பதை விட்டுவிட்டேன். “ஷி யூஸ்ட் டு பி எ டீச்சர்” என்றால் முன்பு ஆசிரியராக இருந்தார், இப்போது வேறு வேலை அல்லது ஓய்வு. “தேர் யூஸ்ட் டு பி எ லைப்ரரி ஹியர்” என்றால் அந்த இடத்தில் இன்று நூலகம் இல்லை. இப்போதும் தொடர்கிறது என்றால் அதைத் தனியாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “ஐ யூஸ்ட் டு, அண்ட் ஐ ஸ்டில் டூ.”

நமக்கு ஏன் இது வழுக்குகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். தமிழில் ‘அவர் விடியற்காலையில் எழுந்துவிடுவார்’ என்கிறோம். இன்றைய வழக்கம் அது. ‘அந்தக் காலத்தில் அவர் விடியற்காலையில் எழுந்துவிடுவார்’ என்றால் முடிந்துபோன வழக்கம். இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான். ‘எழுவது வழக்கம்’ என்பதும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். அந்த ‘வழக்கம்’ என்ற சொல்லுக்கு நேராக ‘யூஸ்ட் டு’ என்று பள்ளியில் மனத்தில் பதித்துக்கொண்டு வந்துவிட்டோம். போதாக்குறைக்கு, ‘வழக்கமாக’ என்று பொருள்படும் ‘யூஷுவலி’யும் ஏறக்குறைய அதே ஓசையில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்து ஆங்கிலத்தில் எல்லோரும் இப்படியே பேசுவதால், அங்கே இருக்கும்வரை யாருக்கும் குழப்பம் வருவதுமில்லை.

இதில் அறியாமை என்று வெட்கப்பட எதுவுமில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் நிகழ்காலத்திலும் வழங்கியது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், 119ஆம் சங்கீதம் 132ஆம் வசனத்தில், ‘நீர் வழக்கமாகச் செய்வதுபோல’ என்ற பொருளில் ‘யூசெஸ்ட் டு டூ’ என்றே இருக்கிறது. பிறகு அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகால வடிவம் மட்டும் தங்கிவிட்டது.

எங்கெல்லாம் இது காலை வாரிவிடும் என்று பாருங்கள். வீடு வாடகைக்குக் கேட்கப் போகிறீர்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டிவிடுவேன் என்ற நினைப்பில் “ஐ யூஸ்ட் டு பே ஆன் டைம்” என்கிறீர்கள். முன்பெல்லாம் ஒழுங்காகக் கட்டினேன் என்று வீட்டுக்காரர் காதில் விழும். வேலை நேர்காணலில், இன்றும் நீங்களே பார்த்துக்கொள்ளும் கணக்கு வேலையைப் பற்றி “ஐ யூஸ்ட் டு ஹேண்டில் தி அக்கவுண்ட்ஸ்” என்றால், அந்தப் பொறுப்பு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று குறித்துக்கொள்வார்கள். பிள்ளையின் பள்ளியில் “ஹி யூஸ்ட் டு ரீட் எவ்ரி நைட்” என்றால், இப்போது ஏன் படிப்பதில்லை என்று ஆசிரியர் கவலைப்படுவார்.

மாற்றுவது எளிது. இன்றும் நடப்பதைச் சாதாரண நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: “ஐ டேக் எ டேப்லெட் எவ்ரி மார்னிங்”, “ஐ ஆல்வேஸ் பே ஆன் டைம்”, “ஐ யூஷுவலி வேக் அப் அட் ஃபைவ்”. வாயைத் திறக்குமுன் ‘எப்போது நிறுத்தினாய்?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் இருந்தால் மட்டும் ‘யூஸ்ட் டு’. மருத்துவரிடம் பேசும்போது இதில் ஒரு நொடி கூடுதலாக நிதானியுங்கள். மாத்திரை, ஒவ்வாமை, புகை, மது என்று அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த ‘அப்போதா, இப்போதா’ என்பதில்தான் நிற்கின்றன.

இன்னொரு சின்ன விஷயம். ஐந்து ஆண்டுகள், மூன்று முறை என்று எண்ணிக்கை சொன்னால் ‘யூஸ்ட் டு’ வராது. “ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பதே சரி.

இனி இதன் இரட்டைப் பிறவி. ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்று நடுவில் ஓர் ‘ஆம்’ வந்துவிட்டால் பொருள் வேறு: எனக்குப் பழக்கம்தான், பழகிவிட்டது. “ஐ யூஸ்ட் டு ஒர்க் நைட்ஸ்” என்றால் முன்பு இரவு வேலை பார்த்தேன். “ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் நைட்ஸ்” என்றால் இரவு வேலை எனக்குப் புதிதல்ல. இரவுப் பணிக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில் இரண்டாவதைச் சொன்னால்தான் காரியம் ஆகும். அந்த ‘ஒர்க்கிங்’கைக் கவனித்தீர்களா? இங்கே ‘டு’வுக்குப் பின் ‘இங்’ சேரும், அல்லது பெயர்ச்சொல் வரும்: “ஐ ஆம் நாட் யூஸ்ட் டு தி கோல்ட்.”

‘ஆம்’ இருந்த இடத்தில் ‘கெட்’ வந்தால், பழகிக்கொள்வது. புதிதாக வந்தவருக்கு இதைவிடக் கைகொடுக்கும் வாக்கியம் குறைவு. வேலையில் ஒரு புதிய முறை பிடிபடவில்லையா? தெரியாது என்று தலைகுனிய வேண்டாம். “ஐ ஆம் ஸ்டில் கெட்டிங் யூஸ்ட் டு இட்” என்று சொல்லுங்கள். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கேட்டதும் பலர் கூட நின்று காட்டிக்கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். பயன்படுத்தினேன் என்ற பொருளில் வரும் ‘யூஸ்டு’வில் ‘ஸ்’ வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர்ந்து ஒலிக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘யூஸ்ட் டு’வில் அது பாம்பின் சீறல், இரண்டு சொல்லும் ஒட்டி ‘யூஸ்ட்டு’ என்றே காதில் விழும். கேள்வியாகவோ எதிர்மறையாகவோ எழுதும்போது, ‘டிட்’ வந்துவிடுவதால் கடைசி ‘டி’ எழுத்து விழுந்துவிடும்: “டிட் யூ யூஸ் டு டிரைவ்?”, “ஐ டிடின்ட் யூஸ் டு டிரைவ்.” பேச்சில் வித்தியாசம் தெரியாது. எழுத்தில் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மின்னஞ்சல் எழுதும்போது ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ என்று முடிப்பீர்கள் அல்லவா, அங்கே வருவதும் ‘ஆம் யூஸ்ட் டு’வில் வருகிற அதே ‘டு’தான். ஆகவே அதன்பின் ‘ஹியர்’ அல்ல, ‘ஹியரிங் ஃப்ரம் யூ’.