டேபிளில் இருக்கும் எண் உங்கள் ஜெல்லின் எண் அல்ல

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய், மெத்தென்ற ஜெல்லில் செல் வளர்ப்பது என் வேலை. போன மாதம் லேபில் சேர்ந்த பாறசாலைப் பெண் ஒரு தட்டைக் காட்டி, "அக்கா, இது 11 கிலோபாஸ்கல்" என்றாள்.

"அளந்து பாத்தியா மக்களே?"

"டேபிள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

கிலோபாஸ்கல் என்பது ஜெல் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு; எந்தக் கலவைக்கு எவ்வளவு கெட்டி வரும் என்று போட்டிருக்கும் பட்டியல்தான் டேபிள். நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவள்தான். இந்த வேலையில் நாம் செய்யும் தப்புகளை இங்கே சொல்கிறேன். கிருமி புகுவது, குமிழி விழுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

அளக்காமல் நம்புவது

செல் தான் ஒட்டியிருக்கும் தரையை இழுத்துப் பார்க்கும். தரை எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து அதன் போக்கு மாறும். 2006இல் எங்லர், டிஷர் என்ற ஆய்வாளர்களின் குழு இதைக் காட்டியது: ஒரே ஸ்டெம் செல் (பல வகைச் செல்லாக மாறக்கூடியது), 1 கிலோபாஸ்கலுக்குள் நரம்பு செல் போலக் கிளைவிட்டது, 10 பக்கம் தசை வழியில் போனது, 25–40இல் எலும்பு வழியில் போனது. அப்படியென்றால் எண் பிசகினால் சோதனையே வேறு.

எனக்குப் பிசகியது. தசை வழிக்காக 11 என்று ஜெல் வார்த்தேன், தசைப் புரதம் வரவே இல்லை. செல்லுக்கு ஊட்டும் சீரத்தைக் குறை சொன்னேன், வளர்ப்பு ஊடகத்தை மாற்றினேன். மூன்று மாதம் கழித்து அணுவிசை நுண்ணோக்கியின் நுண்முனையால் ஜெல்லை அழுத்திப் பார்த்தால், 11 என்று எழுதிய ஜெல் 4இல் நிற்கிறது! ஜெல்லை உறைய வைக்கும் அம்மோனியம் பெர்சல்பேட் கரைசல் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கிடந்ததுதான் காரணம். தானமாகக் கிடைத்த செல்கள் அதற்குள் தீர்ந்துவிட்டன. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வீட்டில் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றினால், அப்பா உறைந்ததை விரலால் அமுக்கிப் பார்த்த பிறகே உருளையில் விடுவார். ஆசிட் அளவு அதேதான், மழைக்காலத்துப் பால் வேறு. ஜெல்லும் அப்படியே. கரைந்திருக்கும் ஆக்சிஜன், அறையின் சூடு, பஃபரில் (உப்புக் கரைசலில்) ஊறி வீங்குவது எல்லாமே எண்ணை மாற்றும். ஒவ்வொரு முறை வார்க்கும்போதும் ஒன்றைக் கூடுதலாக வார்த்து, இரவு முழுக்க ஊறவிட்டு அளந்து பாருங்கள். நுண்ணோக்கி கிடைக்காவிட்டால், ஜெல்லில் ஒளிர்மணிகளைக் கலந்து வார்த்து, மேலே சின்ன எஃகுக் குண்டை வைத்து, பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தும் கணக்கிடலாம்.

மெலிந்த ஜெல்

சில மைக்ரான்தான் தடிமன் என்றால் செல் அடியிலிருக்கும் கண்ணாடியை உணரும்.

பிளாஸ்டிக்கில் நெடுநாள் வளர்த்த செல்

பிளாஸ்டிக் தட்டின் கெட்டி கிகாபாஸ்கல் கணக்கு. அதில் பல நாள் கிடந்த ஸ்டெம் செல், மெத்தென்ற ஜெல்லுக்கு வந்த பிறகும் யாப் (YAP) புரதத்தை, கெட்டித் தரையில் இருப்பதுபோலவே, உட்கருவுக்குள்ளேயே வைத்திருக்கும். 2014இல் வந்த கண்டுபிடிப்பு இது. சீக்கிரம் ஜெல்லுக்கு மாற்றுங்கள்.

கொலாஜன் பூச மறப்பது

செல் பற்றிக்கொள்ளும் புரதம் கொலாஜன். அது இல்லாத வெறும் ஜெல்லில் செல் ஒட்டாது.

சரியாகக் கழுவாதது

ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலமைடு உறையாமல் மிஞ்சினால் செல்லைக் கொல்லும். உங்கள் நரம்புக்கும் அது நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.